கோதையின் மற்றொரு மாலை

மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்திலே, விருதுநகர் மாவட்டத்தின்கண், இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்னும் இரண்டு ஊர்கள் சுமார் 11 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்திருக்கின்றன. இராஜபாளையம் பஞ்சாலைகளாற் பெயர் பெற்றது. ஸ்ரீவில்லிபுத்தூரோ ஒரு பெண்மணியாற் பெயர் பெற்றது. இராஜபாளையத்திலிருந்து வடகிழக்கு நோக்கி வருவோர், ஊரை அணுகு முன்னரே வடபத்திரசாயி கோயிலின் 11 நிலைக் கோபுரம் வானளாவி நிற்பதைக் காண்பர். தமிழ்நாட்டரசின் முத்திரையில் விளங்குவது இக்கோபுரமே என்பது பலர் கொள்கை. அக்கோபுரத்தினும் உயர்ந்தது அவ்வூர்ப் பெண்ணொருவர் பாடிய தமிழ். அவரே ஆண்டாள் என்றும், கோதை என்றும், சூடிக்கொடுத்த நாச்சியார் என்றும் போற்றப்பெறும் அம்மையார்.

ஆண்டாள் என்ற பெயரைச் செவியுற்ற அளவிலே எவருக்கும் நினைவில் எழுவது திருப்பாவை. மார்கழித் திங்களில் அதனை ஓதாத திருமால் கோயில் தமிழ்நாட்டில் இல்லை எனலாம். திருமலையிலும் அம்மாதம் முழுவதும் சுப்ரபாதத்திற்கு மாறாகத் திருப்பாவையே ஓதப்பெறுகின்றது. ஆனால் அம்மையார் பாடியருளியவை 173 பாடல்கள். அவற்றுள் திருப்பாவை 30 மட்டுமே. ஏனைய 143 பாடல்களும் நாச்சியார் திருமொழி என்னும் மற்றொரு நூலாக நிற்கின்றன. அவர் வாய்மொழியில் ஆறிலொரு பங்கை நாடு முழுதும் பாடுகின்றது. ஐந்து பங்கைச் சிலரே அறிவர். அச்சிலர் அதன்பால் வைத்த காதலோ சிறிதன்று. அம்மையாரின் வரலாற்றையும், அதிகம் பாடப்பெறாத அப்பாமாலை அன்பர் சிலரால் வழிவழி காக்கப்பட்ட வரலாற்றையும் ஈண்டு ஒருங்கே கூறப் புகுகின்றோம்.

தோற்றமும் வளர்ப்பும்

ஸ்ரீவில்லிபுத்தூரிலே விஷ்ணுசித்தர் என்னும் அந்தணர் ஒருவர் வாழ்ந்திருந்தார். நந்தவனம் அமைத்துப் பூப்பறித்து மாலை தொடுத்து வடபத்திரசாயிப் பெருமாளுக்குச் சாத்துதலே அவர் மேற்கொண்ட தொண்டு. பாண்டியன் அவையிலே பரம்பொருள் இதுவென நிலைநாட்டிப் பொற்கிழி பெற்றவரும், கண்ணனைக் குழந்தையாகக் கொண்டு தாலாட்டியும் சீராட்டியும் பாடியவரும் அவரே. பெரியாழ்வார் என உலகம் அவரைப் போற்றும்.

ஒரு நாள் அவர் நந்தவனத்தில் துளசியின் அடியிலே ஒரு பெண் மகவைக் கண்டெடுத்தார் என்றும், அது ஆடித் திங்கள் பூர நாள் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறும். மக்கட்பேறற்ற அவர் அக்குழந்தைக்குக் கோதை எனப் பெயரிட்டுத் தாமே தாயும் தந்தையுமாகி வளர்த்தார். பிற குழந்தைகள் பாவையும் பந்தும் கொண்டு ஆடும் பருவத்தே இக்குழந்தை மலர்களிடையே ஆடிற்று. பிறர் உறவினர் கதைகளைக் கேட்டு வளரும் பருவத்தே இக்குழந்தை கண்ணன் கதைகளையே கேட்டு வளர்ந்தது. தந்தையார் கண்ணனுக்குத் தாயாக நின்று பாடினார். மகளாரோ அவனுக்கு மணமகளாக நின்று பாடலானார்.

பெருமாளுக்கெனத் தொடுத்து வைத்த மாலையைத் தந்தையார் அறியாவண்ணம் தாம் சூடி, அவனுக்கு ஏற்ற எழில் தமக்கு உண்டோ எனக் கண்ணாடியிற் பார்த்து மகிழ்ந்து, பின்னர் இருந்தவாறே வைத்துவிடுதல் கோதையின் வழக்கமாயிற்று. ஒரு நாள் இதனைக் கண்ட ஆழ்வார் பெரிதும் வருந்தி, அம்மாலையை விடுத்துப் புதுமாலை தொடுத்தார். அன்றிரவு பெருமாள் அவர் கனவிலே தோன்றி, அவள் சூடிய மாலையே தமக்கு உவப்பானது என உணர்த்தினார் என்பது மரபு. சூடிக்கொடுத்தவர் என்ற திருப்பெயர் இதனால் வந்தது. கோதை சூடிய மாலை இந்நாளிலும் புரட்டாசிப் பெருவிழாவிற்குத் திருமலைக்கும், சித்திரைத் திருவிழாவிற்கு மதுரைக் கள்ளழகருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரினின்றும் சென்றுகொண்டிருக்கின்றது.

அம்மையாரின் காலத்தைப் பற்றி அறிஞர் பலவாறு ஆராய்ந்துள்ளனர். திருப்பாவையிலே வெள்ளி எழுந்து வியாழன் மறைந்த செய்தியொன்று வருகின்றது. மு. இராகவையங்கார் அதனை வானநூற் கணிதத்தோடு பொருத்திப் பார்த்துக் கி. பி. 731 என்னும் ஆண்டைக் குறித்தார். அவரோடு மாறுபட்டு ஒன்பதாம் நூற்றாண்டினைக் கொள்வாரும் உளர். எங்ஙனமாயினும் 1100 ஆண்டுகட்கு முன்னரே, தமிழகத்தின் தென்கோடிச் சிற்றூரொன்றில் இளம்பெண்ணொருவர் தம் நெஞ்சத்தைத் தாமே பாட்டாக வடித்தார் என்பது சிறிய செய்தியன்று.

இரு மாலைகளின் வேற்றுமை

திருப்பாவையிலே ஆயர் சிறுமியர் ஒருவரையொருவர் துயிலெழுப்பிக் கூட்டமாகச் சென்று நோன்பு நோற்கின்றனர். அதிற் பேசுபவர் பலர். நாம் என்ற சொல்லே அந்நூலின் உயிர். அது மகிழ்ச்சியும் நம்பிக்கையும் நிறைந்தது. கேட்டது கிட்டும் என்ற உறுதியோடு நிறைவெய்துவது. முப்பது நாட்களுக்கு முப்பது பாடல்களாக அமைந்தமையால், நாள் ஒன்றுக்கு ஒரு பாட்டாக அது மார்கழியோடு பிணைந்துவிட்டது. கதிரவன் தனு இராசியிற் புகுந்த அளவில் அப்பாட்டு தானே நாவில் வந்து நிற்கும்.

நாச்சியார் திருமொழிக்கு அத்தகைய துணை இல்லை. பதினொரு பாடல் கொண்ட மூன்று பதிகங்களும், பத்துப் பாடல் கொண்ட பதினொரு பதிகங்களுமாக 14 பதிகங்கள் அதில் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவற்றிலே தோழியர் கூட்டத்தைக் காண்கிலோம். ஒரு பெண் தனியே நின்று பேசுகின்றாள். இங்கே நான் என்ற சொல்லே உயிர். பெரும்பாலான பதிகங்களின் இறுதியில் வில்லிபுத்தூரையும், விஷ்ணுசித்தரையும், கோதை என்ற தம் பெயரையும் அம்மையார் பொறித்து வைத்துள்ளார். ஆண்டாள் என்றொருவர் இருந்ததில்லை, பெரியாழ்வாரின் கற்பனையே அப்பெயர் என்று எழுதியவர்களும் உண்டு. இந்நூலை முழுதும் ஓதியவர் அவ்வாறு எளிதிற் கருதார். ஒவ்வொரு பதிகத்திலும் மாறிமாறி எழும் நோவும் சினமும் நாணமும் துணிவும் பிறரொருவர் இரவல் கொடுத்தவை போலத் தோன்றவில்லை.

மேலும் ஒன்று நோக்கத் தக்கது. திருப்பாவை மார்கழியைப் பற்றியது. நாச்சியார் திருமொழியோ அதனை அடுத்த தைத் திங்களிலே தொடங்குகின்றது. நோன்பு முடிந்தது, ஆனால் நாயகன் வரவில்லை. எனவே காமவேளின் உதவியை நாடி நோன்பு நோற்கத் துணிகின்றாள் தலைவி. மார்கழி கழிந்ததும் ஊரார் பாட்டை நிறுத்திவிடுகின்றனர். கோதையின் துயரமோ அதன் பின்னரே தொடங்கிற்று.

மறுத்துரைத்த உள்ளம்

முதற் பதிகத்திலே கோதை தரையை மெழுகி, மணலாற் கோலமிட்டு, விடியுமுன் நீராடி, முள்ளில்லாச் சுள்ளிகளை எரியிலிட்டுக் காமனை வேண்டுகின்றார். வேங்கடத்துறைவானுக்கே தம்மை உரியவளாக்க வேண்டும் என்பதே அவ்வேண்டுதல். மானிடர் எவர்க்கேனும் தம்மை மணம் பேசுவதாயின் உயிர் வாழேன் என்று ஐயத்துக்கிடமின்றிக் கூறுகின்றார். வேள்வியிலே தேவர்க்கென வகுத்த உணவைக் காட்டு நரி புகுந்து மோந்து பார்ப்பதை அதற்கு உவமையாகக் காட்டுகின்றார். மகளின் மணத்தைப் பெற்றோரும் உற்றாரும் முடிவு செய்த காலத்தே, ஓர் இளம்பெண் தன் வாழ்வு இன்னார்க்கே உரியது எனத் தானே வரையறுத்து உரைத்த உரை இது. மகளின் உறுதியைக் கண்டு ஆழ்வார் திகைத்தார் என்றும், மணப்பருவம் எய்திய அவரை எவர்க்குக் கொடுப்பது எனக் கவன்றார் என்றும் வரலாறு கூறும். அக்கதைக்கு வேராக நிற்பது இப்பதிகமே.

இரண்டாம் பதிகத்திலே மணல் வீடு கட்டி விளையாடும் சிறுமியர், அதனைச் சிதைக்க வேண்டாவெனக் கண்ணனை இரக்கின்றனர். மூன்றாம் பதிகத்திலே குளக்கரையிற் கவர்ந்த ஆடைகளை மீட்டுத்தர வேண்டுகின்றனர். நான்காவதிலே கூடல் இழைத்தல் என்னும் பழைய வழக்கம் வருகின்றது. கண்ணை மூடி மணலில் வட்டம் வரைந்து, தொடக்கமும் முடிவும் கூடினால் காதலன் வருவான் எனக் குறி பார்த்தல் அது. இப்பதிகங்களை ஓதுவோர் அக்காலப் பெண்களின் விளையாட்டையும் வழக்கத்தையும் கண்முன் காண்பர்.

தூதும் கனவும்

ஐந்தாம் பதிகம் குயிலை நோக்கியது. நாயகன் வரும்படி கூவுமாறு அதனை வேண்டும் கோதை, அதற்குக் கைம்மாறாக, பாலும் இனிய அன்னமும் ஊட்டித் தாம் வளர்த்த கிளியை அக்குயிலுக்குத் தோழியாக்கித் தருவதாகக் கூறுகின்றார். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலிலே ஆண்டாளின் இடக்கையில் விளங்கும் கிளியை அறியாதார் இலர். இலைகளையும் மலர்களையும் கொண்டு நாள்தோறும் புதிதாக அக்கிளி செய்யப்படுகின்றது. அதனைக் கண்டு மகிழ்வோர் பலர்; அக்கிளி வரும் பாட்டை அறிந்தோர் சிலர்.

ஆறாவது பதிகமே வாரணமாயிரம். இந்நூலிற் பலரும் அறிந்த பகுதி இஃதொன்றே. திருமணத்தைக் கனவிற் கண்டதாகத் தோழிக்கு உரைக்கும் இப்பதிகத்திலே, யானைகள் சூழ நாயகன் வருதலும், பந்தர் அமைத்தலும், கூறைப் புடைவை உடுத்தலும், கைப்பிடித்தலும், தீவலம் வருதலும், அம்மி மிதித்தலும், பொரியிடுதலும் முறையே கூறப்படுகின்றன. வைணவர் இல்லத் திருமணங்களில் இதனை இன்றும் ஓதுகின்றனர். 2008-ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படமொன்றும் இப்பெயரையே தாங்கிற்று. ஆயினும் மணவீட்டில் இதனைக் கேட்டு மகிழ்வோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். இது நிகழ்ந்த மணமன்று, கண்ட கனவு. இறுதிப் பாட்டொழிந்த ஏனைய பாடல்களெல்லாம் கனாக் கண்டேன் என்ற கூற்றோடே முடிகின்றன. முன்னும் பின்னும் உள்ள பதிகங்களை நீக்கி இதனை மட்டும் ஓதுங்கால் இது மங்கல வாழ்த்தாகத் தோன்றும்; இருந்த இடத்தில் வைத்து ஓதுங்கால் நெஞ்சை உருக்கும். கனவு கலைந்த பின் வரும் ஏழாம் பதிகத்திலே, திருமாலின் வாயமுதத்தை நாளும் நுகரும் சங்கினை நோக்கி, அதன் மணமும் சுவையும் எத்தகையன என ஆற்றாமையோடு வினவுகின்றார். சங்கு பெற்ற பேறு தாம் பெறவில்லையே என்ற ஏக்கம் அதில் நிறைந்துள்ளது.

எட்டாவது பதிகத்தில் மேகங்களை வேங்கட மலைக்குத் தூது விடுக்கின்றார். கார்காலத்தே இராஜபாளையத்திலிருந்தேனும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தேனும் மேற்கு நோக்குவோர், மலைமுகட்டிலே கருமேகங்கள் தவழ்வதைக் காண்பர். கோதையின் வீட்டு முற்றத்திலிருந்தும் அம்மலைகள் தோன்றியிருக்கும். பத்தாம் பதிகத்திலே காந்தளும் கோவையும் முல்லையும் மயிலும் குயிலும் கடலும் அவனது நிறத்தையும் உறுப்பையும் நினைப்பூட்டித் தம்மை வருத்துவதாக முறையிடுகின்றார். பிறர்க்கு இன்பந்தரும் பொருளெல்லாம் பிரிந்தார்க்குத் துன்பமாகும் என்ற சங்கத் தமிழ் மரபு இங்கே பக்தியோடு கலந்து நிற்கின்றது.

நூறு தடா

ஒன்பதாவது பதிகம் மதுரைக்கு அண்மையிலுள்ள திருமாலிருஞ்சோலை அழகரைப் பற்றியது. அதிலே நூறு தடா வெண்ணெயும், நூறு தடா நிறைந்த அக்காரவடிசிலும் அழகருக்கு நேர்ந்துகொண்டதாகக் கோதை கூறுகின்றார். தடா என்பது பெரிய மிடா. அக்காரவடிசில் என்பது பாலும் வெல்லமும் நெய்யும் பெய்து சமைக்கும் இனிய அன்னம். பூத்தொண்டு செய்யும் எளிய அந்தணரின் மகள் நூறு மிடா அன்னத்திற்கு எங்கே போவாள்? வாயால் நேர்ந்தாள், நிறைவேற்ற இயலாமலே போய்விட்டாள்.

இருநூறு ஆண்டுகளேனும் கடந்த பின்னர் இப்பாட்டை ஒருவர் வேறு வகையாக ஓதினார். அவரே இராமாநுசர். 1017-ஆம் ஆண்டிலே ஸ்ரீபெரும்பூதூரிற் பிறந்து 1137 வரை வாழ்ந்தவர் என மரபு கூறும் அப்பேராசிரியர், திருப்பாவையின்பால் வைத்த ஈடுபாட்டினால் திருப்பாவை ஜீயர் எனவும் அழைக்கப்பட்டார். யாவரும் அறிந்த பாட்டை நேசித்ததோடு அவர் நின்றாரிலர். அரிதாக ஓதப்படும் பதிகத்தின் நடுவேயுள்ள ஒரு நேர்ச்சையை, நேற்று ஒருத்தி தம்மிடம் நேரிற் சொல்லிச் சென்ற சொல்லாகவே கொண்டார். திருமாலிருஞ்சோலைக்குச் சென்று நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் அழகருக்குப் படைத்தார். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தபோது ஆண்டாள் அவரைத் தம் தமையனாராக ஏற்று எதிர்கொண்டார் என்பது வைணவப் பெரியோர் வழிவழிக் கூறும் செய்தி. கோயிலண்ணர் என்ற பெயர் அவருக்கு அதனால் அமைந்தது. தங்கை சொல்லி நிறைவேறாது நின்ற சொல்லைத் தமையனன்றி யார் நிறைவேற்றுவார்?

ஒரு பாட்டை நேசிப்பவர் என்ன செய்தல் கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று கிடைப்பதரிது. பாட்டைப் புகழ்வோர் உண்டு; மனப்பாடம் செய்வோர் உண்டு; உரை எழுதுவோர் உண்டு. பாட்டிலே நின்றுபோன வாக்கைத் தம் கடனாக ஏற்றுத் தீர்த்தவர் இவர். மார்கழி 27-ஆம் நாளாகிய கூடாரவல்லியன்று அக்காரவடிசில் படைக்கும் வழக்கம் இன்றும் நிலவுகின்றது. நூறு தடா சமர்ப்பிக்கும் கோயில்களும் உள. அன்று அவ்வன்னத்தை உண்போர் திருப்பாவையை நினைப்பர். நூறு தடா என்ற கணக்கோ நாச்சியார் திருமொழியின் கொடை.

அரங்கம் சேர்ந்தது

பதினொன்றாம் பதிகத்திலே கோதை திருவரங்கநாதரை நினைந்து மெலிகின்றார், கைவளைகள் கழல்கின்றன. உலகனைத்தும் உடையவர் ஏழைப் பெண்ணின் வளைகளையும் கவர வேண்டுமோ என்று வினவுகின்றார். பன்னிரண்டாவதிலே பொறுமை கடந்து, சுற்றத்தாரை நோக்கி, தம்மை மதுரைப்புறத்திலேனும், ஆயர்பாடியிலேனும், யமுனைக் கரையிலேனும், கோவர்த்தனத்திலேனும், துவாரகையிலேனும் கொண்டுபோய் விட்டுவிடுமாறு கட்டளையிடுகின்றார். ஊரார் பழி பரவிய பின்னர் வீட்டில் அடைத்து வைத்துப் பயனென்ன என்பது அவர் கேள்வி. பதின்மூன்றாவதிலே அவன் அரையிற் கட்டிய ஆடையைக் கொணர்ந்து தம்மேல் வீசுமாறு இரக்கின்றார். ஈற்றில், தம் உடலின் ஒரு கூற்றையே பறித்து அவன்மேல் எறியத் துணியும் அளவுக்குச் சினம் மூள்கின்றது. கண்ணகியின் சீற்றத்தைக் கற்றோர் இங்கே அதனை நினையாதிரார்.

இத்தகைய துணிந்த மொழிகளே நாச்சியார் திருமொழி பொதுவிடங்களில் அருகியே ஒலித்தற்குக் காரணமாயின. சிறுவர்க்குக் கற்பிக்கத் தந்தையர் நாணினர். அவையிற் பாட இசைவாணர் தயங்கினர். ஆயினும் இறுதிப் பதிகம் வெகுளியோடு முடியவில்லை. அவனைக் கண்டீரோ என்னும் வினாவும், விருந்தாவனத்திலே கண்டோம் என்னும் விடையுமாக அமைந்த அப்பதிகத்தோடு நூல் அமைதி எய்துகின்றது. காணாமையால் தொடங்கிய பாட்டு கண்டமையால் நிறைவுறுகின்றது.

அரங்கநாதர் ஆழ்வாரின் கனவில் தோன்றிக் கோதையைத் திருவரங்கத்திற்கு அழைத்துவரப் பணித்தார் என்றும், மணக்கோலத்தோடு பல்லக்கிற் சென்ற அவர் கருவறை புகுந்து இறைவனோடு ஒன்றினார் என்றும் குருபரம்பரை கூறி முடிக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளும் ரங்கமன்னாரும் கருடனோடு எழுந்தருளியுள்ளனர். பங்குனி உத்திரத்தன்று அவர்தம் திருக்கல்யாணமும், ஆடிப்பூரத்தன்று பெருந்தேரும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றன. இராஜபாளையத்தாரும் சுற்றுப்புறத்தாரும் திரளாக வந்து அத்தேரை இழுப்பர்.

அன்பர் வரிசை

இப்பாமாலை நம் கைக்கு வந்தது தற்செயலன்று. ஆழ்வார் பாடல்களைத் தேடித் தொகுத்த நாதமுனிகள் திருப்பாவையோடு இதனையும் முதலாயிரத்திலே சேர்த்து வைத்தார்; இசையோடு பாடும் முறையையும் தம் மருமக்கள் இருவர்க்குக் கற்பித்தார் என்பர். அவ்வழி வந்த அரையர் சேவை இன்று எஞ்சியுள்ள மிகச் சில தலங்களுள் ஸ்ரீவில்லிபுத்தூரும் ஒன்று. கூம்பு வடிவான குல்லாய் அணிந்து, தாளங்கொண்டு, பாடியும் அபிநயித்தும் பொருள் விரித்தும் அரையர் நிகழ்த்தும் தொண்டிலே பாட்டு ஏட்டளவில் நில்லாது உயிரோடு உலவுகின்றது.

திருப்பாவைக்குப் பழைய உரைகள் பல உண்டு. நாச்சியார் திருமொழியின் நுட்பங்களை அறிய விரும்புவோர் முதலில் நாடுவது 13-ஆம் நூற்றாண்டினரான பெரியவாச்சான்பிள்ளையின் உரையையே. இருபதாம் நூற்றாண்டிலே காஞ்சி பிரதிவாதி பயங்கரம் அண்ணங்கராசாரியர் எளிய நடையில் உரை வரைந்து இதனைப் பலர்க்கும் எட்டச் செய்தார். வேதாந்த தேசிகர் வடமொழியிலே 29 சுலோகங்களால் கோதையைத் துதித்துக் கோதாஸ்துதி இயற்றினார்.

தமிழ்நாட்டுக்கு அப்பாலும் இக்காதல் பரவிற்று. 1509 முதல் 1529 வரை விஜயநகரத்தை ஆண்ட கிருஷ்ணதேவராயர், கிருஷ்ணா நதிக்கரையிலுள்ள ஸ்ரீகாகுளத்திலே தங்கியிருந்தபோது, ஆந்திர விஷ்ணு கனவில் தோன்றி, கோதையை மணந்த வரலாற்றைத் தெலுங்கிற் பாடுமாறு பணித்தார் என்று தம் நூலிலே கூறுகின்றார். அங்ஙனம் எழுந்ததே ஆமுக்தமால்யதா. சூடிக்கொடுத்தவள் என்பதே அப்பெயரின் பொருள். போர்க்களங்களிலே வாழ்நாளைக் கழித்த பேரரசர் ஒருவர், தமிழ்நாட்டுப் பூந்தோட்டத்தில் வளர்ந்த பெண்ணின் பிரிவுத்துயரைத் தம் மொழியிற் பாடினார். ஆந்திர நாட்டினின்றும் தெற்கே வந்தோர் மரபினரான இராஜுக்கள் இராஜபாளையத்திலே வாழ்கின்றனர். அவர்தம் இல்லங்களில் தெலுங்கு வழங்குகின்றது. ஆமுக்தமால்யதா பிறந்த மொழியும் அதன் தலைவி பிறந்த ஊரும் இவ்வாறு அருகருகே அமைந்திருப்பது அழகிய பொருத்தமாகும்.

அண்மைக் காலத்திலும் இவ்வரிசை அற்றுப்போகவில்லை. 1990-இல் வித்யா தெஹேஜியாவும், 2010-இல் அர்ச்சனா வெங்கடேசனும் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்புக்களிலே திருப்பாவையும் நாச்சியார் திருமொழியும் ஒருங்கே இடம் பெற்றன. மார்கழியை அறியாத நாட்டினர்க்கு நாள்வரிசை பொருளன்று. அவர்கள் இரண்டையும் ஒரு பெண்ணின் மொழியாகவே படிக்கின்றனர்.

காதல் மொழியாலே கடவுளைப் பாடுதல் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. விவிலியத்திலுள்ள உன்னதப்பாட்டும் நாயகன் நாயகியர் காதலாகவே அமைந்துள்ளது. இராமாநுசர் காலத்தவராகிய கிளேர்வோ பெர்னார்டு என்னும் பிரெஞ்சுத் துறவியார் அதன்மேல் 86 பேருரைகள் இயற்றியும் மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தைக் கடந்தாரிலர். பிற்காலத்தே நம் நாட்டில் கன்னடத்து அக்கமகாதேவியும், இராஜபுதனத்து மீராபாயும் கோதை சென்ற நெறியிலே சென்றனர். இவர்கள் மொழியால் வேறுபட்டவர். உலகத்தார் வகுத்த வாழ்வை ஏலாது தம் உள்ளம் தேர்ந்த நாயகனையே நாயகனாகக் கொண்டமையால் ஒன்றுபட்டவர்.

முடிவுரை

திங்களொன்றோடு பிணைக்கப்பட்ட பாட்டைக் காலமே காக்கும். அத்தகைய பிணைப்பற்ற பாட்டை அன்பரே காத்தல் வேண்டும். நாச்சியார் திருமொழியைத் தொகுத்தவரும், பாடியவரும், உரை கண்டவரும், அதன் நேர்ச்சையைத் தீர்த்தவரும் தத்தம் காலத்திலே இக்கடமையைச் செய்தனர். அவருள் ஒருவர் தவறியிருப்பினும், சிரித்து விளையாடி நோன்பு நோற்ற சிறுமியை மட்டுமே நாம் அறிந்திருப்போம். அழுதவளையும், வெகுண்டவளையும், மானிடர்க்கு வாழ்க்கைப்படேன் என மறுத்தவளையும், ஈற்றிற் கண்டோம் என்று அமைதியுற்றவளையும் இழந்திருப்போம்.

மாணவ நண்பர்கள் இதனைச் சிந்தித்தல் நலம். பெரியார் ஒருவரை உலகம் எந்தப் பாட்டால் அறிகின்றதோ அப்பாட்டே அவர் முழுமை என எண்ணிவிடலாகாது. புகழ்பெற்ற பகுதி நம்மை வாயிலுக்கு அழைத்துச் செல்லும். அவர் உள்ளம் இருப்பது உள்ளறையில். வரும் மார்கழியில் திருப்பாவையைப் பாடி முடிப்போர், தை பிறந்த அன்று ஏட்டை மூடிவிடாது அடுத்த பக்கத்தைப் புரட்டுவாராக. ஆங்கே விடியற்காலையில் தனியே நீராடி, மணலிற் கோலமிட்டுக்கொண்டு, வில்லிபுத்தூர்க் கோதை காத்திருக்கின்றார்.